பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க: வாசகர் கேள்வி, டயட்டீஷியன் பதில்

இந்த முறை வந்த கேள்விகள் நிறைய ஒரே விஷயத்தைச் சுத்தித்தான் இருந்துச்சு, பாக்கெட் சாப்பாட்டை விட்டுட்டு இயற்கையான முழு உணவுக்கு மாறுறது எப்படின்னு. அதனால வேற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: மேடம், ப்ராசஸ்டு ஃபுட் வாங்காதீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா பாலும் பாக்கெட்லதான் வருது, பருப்பு தோல் எடுத்து உடைச்சு வருது, எண்ணெய் மில்லுல ஆட்டி வருது. அப்போ எதைத்தான் வாங்குறது? கோடு எங்க போடறது?
*(வீட்டுக்கு மளிகை வாங்குற ஒரு வாசகி)*

குழப்பம் நியாயமானதுங்க, ஏன்னா அந்த வார்த்தையை எல்லாரும் எல்லாத்துக்கும் போட்டு உபயோகிக்கிறாங்க. கழுவறது, காய வைக்கிறது, உடைக்கிறது, காய்ச்சுறது, உறைய வைக்கிறது எல்லாமே ப்ராசஸிங்தான், அதுல பயப்பட ஒண்ணுமில்ல. பிரேசில்ல சாவோ பாலோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கார்லோஸ் மொன்டெய்ரோவும் அவர் குழுவும் 2009லேர்ந்து கொண்டு வந்த நோவாங்கற பிரிப்பு இதுக்கு உதவும். அதுல நாலு வகை. முதல் வகை அரிசி, பருப்பு, காய், பழம், முட்டை, பால் மாதிரி அப்படியே இல்லன்னா லேசா பக்குவப்படுத்தினது. ரெண்டாவது சமையலுக்குச் சேர்க்கிற எண்ணெய், உப்பு, சர்க்கரை. மூணாவது இந்த ரெண்டையும் சேர்த்துப் பண்ற சாதா ரொட்டி, சீஸ், உப்புத் தண்ணில போட்ட காய்கறி டின் மாதிரியானது. நாலாவதுதான் நாம கவலைப்பட வேண்டியது, அல்ட்ரா ப்ராசஸ்டு. தானியத்தையும் பயறையும் அக்கு அக்கா பிரிச்சு மாவுச்சத்து தனி, புரதம் தனி, எண்ணெய் தனின்னு எடுத்து, அப்புறம் கலர், ஃப்ளேவர், எண்ணெயும் தண்ணியும் பிரியாம வைக்கிற எமல்சிஃபையர், இனிப்புன்னு போட்டு மறுபடி ஒரு உருவத்துக்குக் கொண்டு வர்றது.

கடைல நிக்கும்போது நாலு வகையும் ஞாபகம் வராது, அதனால ஒண்ணு மட்டும் பண்ணுங்க. பாக்கெட்டோட முன்பக்கத்தைப் படிக்காதீங்க, திருப்பிப் பின்னாடி இருக்குற பொருள் பட்டியலைப் படிங்க. எது எடையில அதிகமோ அதுதான் முதல்ல வரும், அந்த வரிசையிலதான் எழுதணும்னு பெரும்பாலான நாடுகள்ல சட்டமே இருக்கு. முதல் மூணு இடத்துலயே சர்க்கரையோ சுத்திகரிச்ச மாவோ எண்ணெயோ உக்காந்திருக்கா, மால்ட்டோடெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் சிரப், ஹைட்ரஜன் ஏத்தின எண்ணெய், புரத ஐசோலேட்னு யார் வீட்டு அடுப்படியிலயும் இல்லாத பேரா வருதா, அதை வச்சுட்டு வந்துடலாம். பருப்பு பாக்கெட்ல பருப்பு மட்டும்தான் எழுதியிருக்கும், பார்த்துக்கோங்க.

இன்னொண்ணும் சொல்லணும். நோவா பிரிப்பை வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம். லேசா இனிப்பும் ஃப்ளேவரும் போட்ட தயிரும் அதுல நாலாவது வகைக்குப் போயிடும், கோலாவும் அங்கதான் இருக்கும், ரெண்டும் ஒரே அளவு கெடுதல்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆய்வுகள்ல திரும்பத் திரும்ப மோசமா வர்றது ரெண்டு, சர்க்கரை பானங்களும் பதப்படுத்தின இறைச்சியும். சாசேஜ், ஹாம் மாதிரியான இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015லயே புற்றுநோய் வரவைக்கிறதுங்கற முதல் பட்டியல்ல சேர்த்துடுச்சு, தினம் 50 கிராம் சாப்பிட்டா பெருங்குடல் புற்றுநோய் வர்ற வாய்ப்பு 18 சதவீதம் கூடுதுன்னு அவங்க கணக்கு. வீட்டுலேர்ந்து முதல்ல எதை வெளிய அனுப்பணும்னு கேட்டா நான் இந்த ரெண்டைத்தான் சொல்வேன்.

கேள்வி: நான் ஜிம் போறேன், கலோரி ஆப் வச்சிருக்கேன். 500 கலோரி சிப்ஸ்ல வந்தா என்ன, கொண்டைக்கடலைல வந்தா என்ன, கலோரி கலோரிதானே மேடம்?
*(ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற மாணவர்)*

தம்பி, ஆப்ல நம்பர் ஒண்ணாத்தான் காட்டும், ஆனா நீ எப்போ கையை நிறுத்துறேங்கறது ஆப்புக்குத் தெரியாது. இதைச் சோதிச்சே பார்த்திருக்காங்க. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு 20 பேரை நாலு வாரம் மருத்துவமனைலயே தங்க வச்சு, ரெண்டு வாரம் அல்ட்ரா ப்ராசஸ்டு சாப்பாடு, ரெண்டு வாரம் முழு உணவுன்னு மாத்தி மாத்திக் கொடுத்தாங்க. தட்டுல வச்ச கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சமம், எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடு, வேணாம்னா விட்டுடுன்னு சொல்லிட்டாங்க. அல்ட்ரா ப்ராசஸ்டு வாரங்கள்ல ஒருத்தர் ஒரு நாளைக்கு சராசரியா 500 கலோரி கூடுதலா சாப்பிட்டிருக்கார், எடை 0.9 கிலோ ஏறியிருக்கு. முழு உணவு வாரங்கள்ல கிட்டத்தட்ட அதே அளவு இறங்கியிருக்கு. இது 2019ல வெளிவந்தது. 20 பேர்தான், சின்ன ஆய்வுதான், ஆனா ஒவ்வொரு வாய்ச் சோறும் அளக்கப்பட்ட ஆய்வு, அதனால நான் இதுக்கு மதிப்பு கொடுக்கிறேன். அவங்க கவனிச்ச இன்னொரு விஷயம் வேகம். மெல்லாமலே இறங்குற சாப்பாட்டை வேகமா சாப்பிட்டுடறோம், வயிறு நிறைஞ்சதுன்னு மூளைக்குத் தகவல் போய்ச் சேர்றதுக்குள்ள தட்டு காலி.

இன்னொண்ணு கேளு, பாதாமை முழுசா சாப்பிட்டா ஆப்ல காட்டுற கலோரி முழுசா உடம்புக்குப் போறதில்ல. அதோட செல் சுவர் கெட்டியா இருக்கறதால உள்ள இருக்குற கொழுப்புல ஒரு பகுதி ஜீரணமாகாமலே வெளிய போயிடும். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் 2012ல அளந்தப்போ 28 கிராம் பாதாமுக்கு 170க்குப் பதிலா 129 கலோரிதான் கிடைச்சிருக்கு. அதையே நைசா அரைச்சு பாதாம் வெண்ணெயா சாப்பிட்டா கிடைக்கிற கலோரி கூடிடும். பொருள் ஒண்ணுதான், அரைபட்டது மட்டும்தான் வித்தியாசம். உன் ஹாஸ்டல் அறைல ஒரு டப்பா வறுத்த கடலையும் ரெண்டு பழமும் எப்பவும் இருக்குற மாதிரி பார்த்துக்கோ, ராத்திரி 11 மணிக்குப் பசிக்கும்போது கைக்கு எட்டுறதைத்தான் சாப்பிடுவோம்.

கேள்வி: ஒயிட் பிரெட் நிறுத்திட்டு பிரவுன் பிரெட்டும் மல்டிகிரெயின் பிஸ்கட்டும் வாங்குறேன். சரிதானே?
*(அலுவலகம் போற வாசகர்)*

நிறத்தை நம்பி வாங்காதீங்க சார். பிரவுன் நிறம் கேரமல் கலர்லேர்ந்தும் வரலாம். பட்டியல்ல முதல் பொருள் வெறும் கோதுமை மாவுன்னு இருந்தா அது தவிடு நீக்கின மைதாவாவும் இருக்கலாம், முழு கோதுமை மாவுன்னு தெளிவா எழுதி, எத்தனை சதவீதம்னும் போட்டிருக்கணும். மல்டிகிரெயின்னா பல தானியம், அவ்வளவுதான், அந்த தானியமெல்லாம் முழுசா இருக்கணும்னு அர்த்தமில்ல. சுலபமா ஒரு சோதனை, மொத்த கார்போஹைட்ரேட் 10 கிராமுக்கு நார்ச்சத்து குறைஞ்சது 1 கிராமாவது வரணும். வரலைன்னா அது பேர்லதான் முழு தானியம்.

தவிட்டை எடுத்தா என்ன ஆகும்னு உலகம் ரொம்ப கஷ்டப்பட்டுத்தான் கத்துக்கிச்சு. 1890கள்ல ஜாவா தீவுல கிறிஸ்டியான் எய்க்மான்ங்கற டச்சு மருத்துவர், நரம்பையும் இதயத்தையும் பாதிக்கிற பெரிபெரி நோய்க்குக் காரணம் தேடிட்டு இருந்தப்போ, தீட்டின வெள்ளை அரிசி சாப்பிட்ட கோழிகளுக்குக் கால் துவண்டு போறதையும் தீட்டாத அரிசிக்கு மாத்தினா தேறிக்கிறதையும் பார்த்தார். தவிட்டோட போனது தயாமின், அதாவது பி1 வைட்டமின்னு பின்னாடிதான் தெரிஞ்சது, 1929ல அவருக்கு நோபல் பரிசும் கொடுத்தாங்க. தயாமின் மட்டும் இல்ல, நார், மெக்னீசியம், இரும்பு எல்லாம் பெருமளவு அந்த மேல் தோல்லயும் முளைப்பகுதியிலயும்தான் இருக்கு. சில வைட்டமினை மட்டும் திரும்பச் சேர்த்து செறிவூட்டினதுன்னு விக்கிறாங்க, நல்ல விஷயம்தான், ஆனா போன நார் திரும்பி வராது.

கேள்வி: எனக்கு வயசு 66, பிரஷர் இருக்கு. சமையல்ல உப்பு பாதியா குறைச்சாச்சு, அப்படியும் பிரஷர் இறங்கல. டாக்டர் இன்னும் குறைங்கன்னு சொல்றார். இதுக்கு மேல எங்கம்மா குறைக்கிறது?
*(ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்)*

அய்யா, நீங்க சமையல்ல குறைச்சது ரொம்ப நல்லது, ஆனா மீதி உப்பு சமையலறைக்கு வெளியிலேர்ந்து வருதான்னு பார்க்கணும். நீங்க கடிதத்துல எழுதின தினசரி சாப்பாட்டைப் பார்த்தேன். காலைல நாலு ஸ்லைஸ் பிரெட், சாயங்காலம் உப்பு பிஸ்கட், ராத்திரி சில நாள் பாக்கெட் சூப், சில நாள் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ். உப்பு ஒளிஞ்சிருக்கறது இங்கதான்.

கணக்கு ஒண்ணு கத்துக்கோங்க. பாக்கெட்ல பெரும்பாலும் உப்புன்னு போட மாட்டாங்க, சோடியம்னு போடுவாங்க, அதை 2.5ஆல பெருக்கினா உப்பு. ஒரு நூடுல்ஸ் பாக்கெட்ல சோடியம் 900 மில்லிகிராம்னு இருந்தா 2250 மில்லிகிராம், அதாவது 2.25 கிராம் உப்பு. ஒரு பெரியவங்களுக்கு ஒரு நாள் முழுக்க 5 கிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். அந்த ஒரு பாக்கெட்லயே கிட்டத்தட்ட பாதி முடிஞ்சுடுது, நீங்க குழம்புல குறைச்ச உப்பெல்லாம் இதுல திரும்பி வந்துடுது. அந்த அளவு 100 கிராமுக்கா இல்ல ஒரு தடவை பரிமாறுறதுக்கான்னும் பாருங்க, ஏன்னா ஒரு பாக்கெட்டையே ரெண்டு பேருக்குன்னு எழுதி வச்சிருப்பாங்க. நாக்குக்கு உப்பா தெரியாத பொருள்லயும் சோடியம் இருக்கும், பேக்கிங் சோடா, சோடியம் பென்சோயேட் எல்லாம் அதுல சேர்ந்ததுதான்.

காலை பிரெட்டுக்குப் பதிலா ஓட்ஸ் கஞ்சியோ ரெண்டு முட்டையோ, சாயங்காலம் உப்பு போடாம வறுத்த கடலை, ராத்திரி சூப்பை வீட்டுலயே காய் போட்டு மிளகும் எலுமிச்சையும் தூக்கலா வச்சுப் பண்ணிக்கோங்க. சில வாரத்துல நாக்கு பழகிடும், பழைய சூப்பைக் குடிச்சா கரிக்குதுன்னு நீங்களே சொல்வீங்க. ஆனா ஒரு எச்சரிக்கை அய்யா, சோடியம் குறைஞ்ச உப்புன்னு விக்கிறதுல பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகப் பிரச்சனை இருந்தாலோ சில வகை பிரஷர் மாத்திரை போட்டாலோ அது ஆபத்து, டாக்டரைக் கேக்காம வாங்கிடாதீங்க. மாத்திரையையும் நீங்களா குறைக்காதீங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு 6 வயசு. கோலா கொடுக்கறதே இல்ல, 100% பழச்சாறுதான் கொடுக்கிறேன், காலைல தேன் போட்ட சீரியல். என் மாமியார் இதுவும் சர்க்கரைதான்னு சண்டை போடறாங்க. யார் சொல்றது சரி?
*(ஒரு அம்மா)*

உங்க மாமியார் சொல்றதுதாம்மா சரி. கோலாவை நிறுத்தினதுக்கு உங்களைப் பாராட்டணும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஆப்பிள் ஜூஸ், ஆரஞ்சு ஜூஸ்ல 100 மில்லிக்கு சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும், கோலாலயும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஜூஸ்ல வைட்டமின் இருக்கேன்னு கேப்பீங்க, இருக்கு, ஆனா சாறா பிழிஞ்ச உடனே அந்த சர்க்கரை, உலக சுகாதார நிறுவனம் குறைக்கச் சொல்ற சர்க்கரைக் கணக்குல வந்துடும், தேனும் அதே கணக்குதான். மொத்த கலோரில 10 சதவீதத்துக்குக் கீழ, முடிஞ்சா 5 சதவீதத்துக்குக் கீழங்கறது அவங்க 2015ல சொன்னது. உங்க பொண்ணு ஒரு நாளைக்கு 1400 கலோரி சாப்பிடறான்னு வச்சுக்கோங்க, 10 சதவீதம்னா 35 கிராம், 5 சதவீதம்னா 17.5 கிராம். 200 மில்லி ஜூஸ் ஒண்ணே 20 கிராம்.

முழு பழத்துல இருக்குற சர்க்கரை இந்தக் கணக்குல வராது, அதுக்குக் காரணம் இருக்கு. 1977ல ஒரு ஆய்வுல 10 பேருக்கு முழு ஆப்பிள், மசிச்ச ஆப்பிள், ஆப்பிள் ஜூஸ்னு ஒரே அளவு கார்போஹைட்ரேட் வர்ற மாதிரி கொடுத்தாங்க. முழு பழத்தைச் சாப்பிட ஆன நேரத்தோட பார்த்தா ஜூஸ் 11 மடங்கு வேகமா உள்ள போயிடுச்சு, பழம் சாப்பிட்டவங்களுக்குத்தான் வயிறு நல்லா நிறைஞ்சது, ஜூஸ் குடிச்சவங்களுக்கு இன்சுலின் அதிகமா ஏறியிருக்கு. பழமும் அதேதான், நாரை எடுத்ததும் உடம்பு அதை வேற பொருளா பார்க்குது.

சீரியல் பாக்கெட்டையும் திருப்பிப் பாருங்க. சர்க்கரையைப் பிரிச்சுப் பிரிச்சு சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப், தேன்னு நாலு பேர்ல போட்டிருந்தா ஒவ்வொண்ணும் பட்டியல்ல கீழ தெரியும், கூட்டினா முதல் இடத்துக்கே வந்துடும். ஒரே நாள்ல நிறுத்தி குழந்தையை அழ வைக்க வேண்டாம்மா. இனிப்பு சீரியல் பாதி, சாதா ஓட்ஸ் பாதின்னு கலந்து, வாரம் போகப் போக ஓட்ஸைக் கூட்டிட்டே வாங்க, மேல பழத்தை நறுக்கிப் போடுங்க. ஜூஸ் வேணும்னு அடம் பிடிச்சா சின்ன டம்ளர்ல சாப்பாட்டோட சேர்த்து எப்பவாவது கொடுக்கலாம், தாகத்துக்குத் தண்ணிதான். வீட்டுல இன்னும் சின்னக் குழந்தை இருந்தா ரெண்டு விஷயம், ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டு கூட வேண்டாம், பொட்டுலிசம்ங்கற கொடிய நோய் வர வாய்ப்பிருக்கு. 5 வயசுக்குள்ள முழு பருப்பு, கொட்டை கொடுத்தா தொண்டைல அடைச்சுக்கும், பொடிச்சுக் கொடுங்க.

கேள்வி: ஃப்ரோசன் பட்டாணி ப்ராசஸ்டா? ஃப்ரெஷ்ஷாதான் வாங்கணுமா?

தாராளமா வாங்கலாம். பறிச்ச கொஞ்ச நேரத்துலயே வெந்நீர்ல காட்டி உறைய வச்சுடறாங்க, நாலு நாள் ஃப்ரிட்ஜ்ல வாடின காயைவிட அதுல வைட்டமின் சி அதிகமா இருக்கவும் வாய்ப்பு உண்டு. பட்டியல்ல பட்டாணி மட்டும் இருக்கான்னு பார்த்துட்டு வாங்குங்க, சாஸ், வெண்ணெய் கலந்தது வேண்டாம்.

கேள்வி: நாங்க குடும்பமா முழுசா இயற்கைக்கு மாறிட்டோம். காய்ச்சாத பால், அயோடின் இல்லாத கல் உப்பு, வேக வைக்காம ஊற வச்சு மட்டும் சாப்பிடற சிவப்பு ராஜ்மா மாதிரி பயறு வகைகள். இன்னும் என்ன சேர்க்கலாம்?
*(உற்சாகமா எழுதின ஒரு வாசகர்)*

உங்க அக்கறை புரியுது, ஆனா சேர்க்கறதைப் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல மூணு விஷயத்தை மாத்தணும், இதை அழுத்தியே சொல்றேன். பாலைக் காய்ச்சித்தான் குடிக்கணும். காய்ச்சாத பால்ல சால்மோனெல்லா, ஈ கோலை, லிஸ்டீரியா மாதிரி கிருமிகள் இருக்கலாம், வீட்டுல கர்ப்பிணி, குழந்தை, வயசானவங்க இருந்தா அது உயிருக்கே ஆபத்தா முடியலாம். ரெண்டாவது உப்பு. அயோடின் சேர்த்த உப்பு ப்ராசஸ்டுதான், ஆனா தைராய்டு கழலையும் குழந்தைகளோட மூளை வளர்ச்சிக் குறைவும் உலகம் முழுக்கக் குறைஞ்சதுக்கு அது ஒரு பெரிய காரணம். கல் உப்பே வேணும்னா அயோடின் சேர்த்த கல் உப்பா பார்த்து வாங்குங்க.

மூணாவது பயறு. நீங்க பட்டியல்ல எழுதின சிவப்பு ராஜ்மாவை மட்டும் பச்சையா தொடவே தொடாதீங்க. அதுல ஃபைட்டோஹீமக்ளூட்டினின்னு ஒரு லெக்டின் நச்சு இருக்கு, கொஞ்சம் சாப்பிட்டாலே சில மணி நேரத்துல வாந்தி பேதி வந்துடும். குறைஞ்சது 5 மணி நேரம் ஊற வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணி விட்டு தளதளன்னு 30 நிமிஷம் கொதிக்கணும். அரைவேக்காடா விட்டா நச்சு போகாது. இயற்கையா விளைஞ்சதுங்கறதுக்காக எல்லாமே அப்படியே சாப்பிடற மாதிரி இருக்காதுங்க, நெருப்பு கண்டுபிடிச்சதே மனுஷனுக்கு முதல் ப்ராசஸிங்தான், அதை விட்டுக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: ஷிஃப்ட் வேலை, ராத்திரி 10 மணிக்கு வீட்டுக்கு வர்றேன். முழு உணவு சமைக்கறதெல்லாம் நேரம் இருக்கறவங்களுக்குத்தான். என்ன மாதிரி ஆளுக்கு என்ன வழி?
*(பேர் போட வேண்டாம்னு கேட்ட வாசகி)*

நேரம் இல்லாதது உங்க தப்பு இல்லம்மா, அதை முதல்ல மனசுலேர்ந்து எடுத்துடுங்க. மூணு வேளையையும் மாத்தப் போகாதீங்க, வாரத்துல எந்த வேளை அதிகமா பாக்கெட்ல ஓடுதோ அந்த ஒரு வேளையை மட்டும் எடுங்க. உங்களுக்கு அது ராத்திரின்னு தெரியுது. லீவு நாள்ல கடலையோ பயறோ ஒரு பெரிய குக்கர் நிறைய வேக வச்சு ஆறினதும் சின்னச் சின்ன டப்பால ஃப்ரீசர்ல வச்சுடுங்க. வந்ததும் ஒரு டப்பாவைச் சூடு பண்ணி வெங்காயம், தக்காளி, எலுமிச்சை பிழிஞ்சா 10 நிமிஷத்துல சாப்பாடு. அதுவும் முடியாத நாளுக்கு சாதா தயிர், பழம், அவிச்ச முட்டை. டின்ல வர்ற கடலை கூட எனக்குச் சம்மதம், வடிகட்டி தண்ணில அலசிட்டா சோடியம் கணிசமா குறையும். மிஞ்சின சாதத்தை மட்டும் வெளிய ராத்திரி முழுக்க வைக்காதீங்க, ஆறின உடனே ஃப்ரிட்ஜ்ல போயிடணும், வெளிய இருந்தா அதுல ஒரு வகை பாக்டீரியா வளர்ந்து விடற நச்சு மறுபடி சூடு பண்ணாலும் போகாது. நார்ச்சத்தை ஒரே வாரத்துல ஏத்தினா வயிறு உப்பும், மெதுவா ஏத்துங்க, தண்ணி நிறைய குடிங்க.

கேள்வி: சுகர் மாத்திரை போடறேன். மூணு வாரமா பிஸ்கட், ஜூஸ், ஒயிட் பிரெட் எல்லாம் விட்டுட்டு முழு தானியம், காய், பயறுன்னு மாறிட்டேன். நல்லாத்தான் இருக்கு, ஆனா சில நாள் மதியத்துக்கு முன்னாடி கை நடுங்குது, வேர்க்குது. உடம்பு புது சாப்பாட்டுக்குப் பழகுதுன்னு விட்டுடலாமா?
*(ஒரு வாசகர்)*

விடக் கூடாதுங்க, இந்த வாரமே டாக்டரைப் பாருங்க. சாப்பாடு மாறினதும் சர்க்கரை ஏறறது குறைஞ்சிருக்கும், மாத்திரை மட்டும் பழைய அளவுலயே வேலை செய்யுது, அதனால லோ சுகர் ஆகுற வாய்ப்பு அதிகம். எல்லா மாத்திரையிலயும் இப்படி வராது, கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிற சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையும் இன்சுலினும் போடறவங்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். நீங்க என்ன மாத்திரைன்னு எழுதல, அதனால சீட்டையும் இந்த மூணு வாரம் சாப்பிட்டதையும் எழுதி எடுத்துட்டுப் போங்க, அளவை மாத்தறது அவர் வேலை, நீங்களா நிறுத்திடாதீங்க.

அதுவரைக்கும் நடுக்கம் வந்தா உடனே குளுக்கோமீட்டர்ல பாருங்க. 70க்குக் கீழ இருந்தா, மீட்டர் கைல இல்லன்னாலும்தான், 15 கிராம் சர்க்கரை உடனே உள்ள போகணும், மூணு டீஸ்பூன் குளுக்கோஸ் தண்ணில கலந்தோ இல்ல சுமார் 150 மில்லி பழச்சாறோ. அந்த நேரத்துல முழு பழமோ கடலையோ உதவாது, மெதுவா ஏறும். 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, ஏறலைன்னா இன்னொரு தடவை அதே அளவு குடிங்க, ஏறினதும் சாப்பாட்டைச் சாப்பிடுங்க. வண்டி ஓட்டிட்டு இருந்தா ஓரமா நிறுத்திட்டுத்தான் இதெல்லாம். நினைவு தப்பற மாதிரி இருந்தா வாய்ல எதுவும் ஊத்தாம உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடணும்னு வீட்டுல இருக்கறவங்ககிட்டயும் சொல்லி வைங்க.